மேலே கணக்கு, கீழே பந்து

ஆட்டோ வளாகத்து வாசலில் நின்றது. நான் இறங்கிய பிறகும் ஓட்டுநர் வண்டியைத் திருப்பவில்லை. வாசலுக்கு மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கம்மா, இது நீங்கதானுங்களே?"

அண்ணாந்து பார்த்தேன். நான்தான். மேலே சிவப்பு எழுத்தில் 'கண்ணீர் மல்க விடை தருகிறோம்' என்று போட்டிருந்தது. நடுவில் எங்கள் பழைய கட்டடத்தின் படம். அதன் கீழே இரண்டு வட்டங்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் மாதையன் சார். ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் பழக்கத்தில் ஆளுக்கொரு ரோஜாப்பூவும், பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கும் சேர்த்திருந்தார்.

"கட்டடத்துக்குத்தாம்பா விடை. எங்களுக்கில்ல" என்றேன்.

"அப்பிடீங்களா" என்றார். நம்பிய மாதிரி தெரியவில்லை. "அந்த ஐயா?"

"அவரும் இருக்காரு."

சொன்ன பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. மாதையன் சார் இருக்கிறாரா? அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவரை நான் பார்த்ததில்லை. யாரிடமும் விசாரித்ததும் இல்லை.

காலையிலேயே பெங்களூரிலிருந்து என் மகள் ரீனா போன் செய்திருந்தாள். யாரோ ஸ்டேட்டஸில் வைத்த அந்த ஃப்ளெக்ஸ் படம் அவள் வரைக்கும் போயிருந்தது. நான் "ஹலோ" சொன்னதும் அழுதுவிட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு, "அம்மா, உன் பக்கத்துல இருக்கிற அவரு யாரு?" என்று கேட்டாள்.

"கூட வேல பாத்தவரு" என்றேன். அது சரியான பதில் இல்லை என்று அப்போதே தோன்றியது.

இந்தத் தொடரில் இதுவரை வகுப்பறைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அந்த வகுப்பறைகள் எந்தக் கட்டடத்தில் இருந்தன என்று எழுதியதில்லை. என்ன எழுதுவது என்று தெரியாததுதான் காரணம். இப்போது தெரிந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டு கட்டடம் ஒன்றாக

தருமபுரியிலிருந்து சேலம் போகிற ரோட்டில் புளியமர வரிசைக்குப் பின்னால் நின்றது அந்தக் கட்டடம். எங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் முதலில் கட்டியது அதைத்தான். கீழே உயரமான கூரையோடு ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம். அதன் ஒரு பக்கச் சுவரை ஒட்டி மாடி எடுத்து வரிசையாக வகுப்பறைகள். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கீழே வாலிபால் கோர்ட் தெரியும்.

ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று யாரும் எனக்குச் சரியாகச் சொன்னதில்லை. இடம் போதவில்லை என்பார் ஒருவர். வரைபடம் போட்டவர் இரண்டு கட்டடத்தைத் தவறுதலாக ஒரே தாளில் போட்டுவிட்டார் என்பார் இன்னொருவர்.

நான் வேலையில் சேர்ந்த அன்று அப்பா துணைக்கு வந்தார். மரவள்ளியும் கடலையும் போடுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கட்டுகிற வேட்டியை அன்றைக்குக் கட்டியிருந்தார். கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவந்து, கூரையைப் பார்த்து, "ஏம்மா, இது காலேஜா, கடல குடோனா?" என்று கேட்டார்.

பஸ் கண்டக்டர்கள் அதற்கு 'பந்து பில்டிங்' என்று பேர் வைத்திருந்தார்கள். "பந்து பில்டிங்லாம் எறங்கு" என்று அவர்கள் கத்தும்போது எனக்கு ஆத்திரமாக வரும். மேலே நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு கண்டக்டராவது கணக்கு பில்டிங் என்று சொல்லக்கூடாதா?

அதற்கென்று ஒரு வாசனை உண்டு. கோர்ட்டுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பு, எங்கள் சாக்பீஸ் தூள், பிள்ளைகள் முட்டியில் தேய்க்கிற தைலம், கூரைப் புறாக்களின் எச்சம். மாம்பழ சீசனில் விளையாட்டுப் பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து பழம் தின்பார்கள். வாசனை ஜன்னல் வழியாக மேலே ஏறும். என் வகுப்பில் ஒருத்தரும் பலகையைப் பார்க்க மாட்டார்கள்.

ஒந்து, எரடு, மூரு

கீழே ஆட்சி மாதையன் சாருடையது. உடற்கல்வி இயக்குநர். வளாகம் முழுக்க அவருக்கு பி.டி. சார் என்று பேர். குட்டையான, இறுகிய உடம்பு. கழுத்தில் விசில். வீட்டில் கன்னடம் பேசுகிற விவசாயக் குடும்பம். மற்றதெல்லாம் தமிழில் பேசுவார். எண்ணுவது மட்டும் கன்னடத்தில்.

நான் மேலே வகுப்பைத் தொடங்கியதும் கீழே அவர் குரல் தொடங்கும். "ஒந்து! எரடு! மூரு! நாக்கு!" தண்டால் எடுக்க வைக்கிறார். நான் பலகையில் எழுதுகிறேன். என் மாணவர்கள் வாய்க்குள் அவரோடு சேர்ந்து எண்ணுகிறார்கள். ஒருமுறை நானே ஒரு கூட்டலை "எரடு" என்று முடித்தேன். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

முதல்வராக வந்த ஒவ்வொருவரிடமும் நான் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஆட்டத்தை வெளியே மாற்றுங்கள், இல்லையென்றால் எங்களை மாற்றுங்கள், இந்தக் கட்டடத்தில் பாடம் நடத்த முடியாது. அவரும் போய்ச் சொல்லியிருக்கிறார். மேலே பெஞ்சை இழுத்தால் கீழே காரை கொட்டுகிறது, பிள்ளைகள் கண்ணில் விழுகிறது. எல்லா முதல்வர்களும் இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனால் இதெல்லாம் சண்டையே இல்லை. அப்போதெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். கத்துவதும் பேச்சுதானே.

கௌரி

என் மாணவிகளைப் பற்றி எழுதிய அத்தியாயங்களில் ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு வந்தேன். கௌரி.

ஏரியூர்ப் பக்கத்துப் பெண். நெட்டை. பீச்சாங்கைக்காரி. எழுதுவதும் அந்தக் கையால்தான், பந்தை அடிப்பதும் அந்தக் கையால்தான். நான் பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவள் வேறு வழியில் நாலு வரியில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே போனால் வலைக்கு மேலே எழும்பி அவள் அடிக்கிற பந்தை எதிரணி கண்ணால்தான் பார்க்கும்.

என்னைப் பொறுத்தவரை அவள் என் மாணவி. மாதையன் சாரைப் பொறுத்தவரை அவருடைய பிளேயர்.

அவள் பி.எஸ்ஸி. கடைசி வருடம். சென்னையில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. நான்தான் அவளை விண்ணப்பிக்க வைத்தேன். அதே நாளில் பல்கலைக்கழக அணிக்கு வெளிமாநிலத்தில் போட்டி. அவள்தான் கேப்டன்.

மாடிப்படி அடியில் நானும் மாதையன் சாரும் மோதிக்கொண்டோம்.

"மேடம், உங்க கணக்கு எங்கயும் ஓடிப் போவாதுங்க. இந்தப் புள்ளைக்கு வயசு போயிரும்" என்றார்.

"உங்க பந்த அடிச்சு யாருக்கு சார் சோறு வந்துருக்குது?" என்றேன்.

கௌரி படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. தேர்வுக்கும் போகவில்லை, போட்டிக்கும் போகவில்லை. அதற்கப்புறம் வளாகத்துக்கே வரவில்லை. செல்போன் எல்லார் கையிலும் வராத காலம். ஒரு சனிக்கிழமை பென்னாகரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஏரியூர் போய், விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "ஓசூர் போயிருக்காங்க, எப்ப வருவாங்களோ" என்றார்.

"ஆளுக்கொரு பக்கம் இழுத்து அந்தப் புள்ளைய வெரட்டி உட்டுட்டீங்க" என்று மாதையன் சார் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஆளுக்கொரு பக்கம்னா இன்னொரு ஆள் யாரு சார்?" என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்ட கடைசி வார்த்தை அது. அதன் பிறகு நான் மேலே, அவர் கீழே. எதிரில் வந்தால் நான் கைப்பைக்குள் எதையாவது தேடுவேன். அவர் விசிலைத் துடைப்பார். சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவோம். இரண்டு பேருமே அதே கட்டடத்தில் ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

"ஒந்து, எரடு" மட்டும் தினமும் மேலே வந்துகொண்டிருந்தது.

பந்தி

இந்த வருடம் பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, கூரையில் கம்பி வெளியே தெரிகிறது, இனி தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் புதுக் கட்டடங்கள் தயார். பாடத்துக்குத் தனி, ஆட்டத்துக்குத் தனி. நான் கேட்டது, அவர் கேட்டது, இரண்டும் கிடைத்துவிட்டன. கேட்டவர்கள்தான் அங்கே இல்லை.

விழாவுக்கு அழைத்தது கணிதத் துறையில் இப்போது இருக்கும் சரவணன். என் மாணவன். "மேடம், இந்த பில்டிங்னா மேல நீங்க, கீழ மாதையன் சார். ரெண்டு பேரும் வந்தே ஆவணும், பேசியே ஆவணும்" என்றான்.

ஒரு வாரமாகப் பேச்சைத் தயாரித்தேன். ஒரு அபூர்வமான பெண் இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினாள், நாம் அவளைத் தவறவிட்டோம் என்று முடிப்பதாக இருந்தேன். 'நாம்' என்கிற இடத்தில் மாதையன் சாரைப் பார்ப்பதாகவும் இருந்தேன்.

அவர் இருந்தார். கோர்ட்டின் அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் பழைய மாணவர்கள் சூழ உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைக்கு மேலே போயிற்று. அங்கே விசில் இல்லை.

நான் கைப்பையைத் திறந்தேன்.

எதற்காக வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. இடித்தால் நிம்மதி என்று இருந்தவள் நான். இப்போது பலூன் கட்டியிருக்கிறார்கள். மாடி ஜன்னல்களில் சீரியல் பல்பு தொங்குகிறது. ஒரு பெண் குழந்தை கோர்ட்டின் நடுவில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அழ வேண்டுமா, வேண்டாமா? அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாப்பாட்டை முதலில் வைத்துவிட்டார்கள். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. கோர்ட்டின் ஓரத்தில் நீள மேசை போட்டு இலை விரித்தார்கள். நான் ஒரு கோடியில் உட்கார்ந்தேன். அவர் மறுகோடியில்.

சாம்பார் வந்தது. பொரியல் வந்தது. சோறு பரிமாறிக்கொண்டு வந்த பெண் நல்ல உயரம், பருத்த உடம்பு, புடவைக்கு மேலே ஆண்கள் போடுகிற சட்டை. அவள் அவர் இலைக்கு முன்னால் நின்றாள். உடனே அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் கிளம்பிக் கூரையில் முட்டியது.

"ஏய்! பீச்சாங்கை!"

புறாக்கள் படபடத்தன. அந்தப் பெண் இடது கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

"சார், கத்தாதீங்க. சோறு கொட்டிரும்" என்றாள் கௌரி.

நடுப்படி

விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. தொப்பூரில், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், அவளும் கணவரும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். லாரிக்காரர்களுக்குத் தெரிந்த கடை. இங்கே சாப்பாடு ஆர்டர் எடுத்தது அவர்கள்தான். எந்த விழா, எந்த இடம் என்று கணவரிடம் அவள் கேட்கவில்லை. வேன் உள்ளே திரும்பியபோதுதான் கட்டடத்தைப் பார்த்திருக்கிறாள்.

பந்தி முடிந்ததும் அவள் கை கழுவிவிட்டு வந்தாள். மாடிப்படியில் ஏறி, நடுத் திருப்பத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "நின்னு நின்னு காலு கடுக்குதுங்க மிஸ்" என்றாள். நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். மாதையன் சார் இரண்டு படி கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்தான் கேட்டார். "ஏம்மா அப்பிடிச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்ட?"

"எப்பங்க சார்?"

"போட்டிக்கு மொத வாரம்."

"எந்தப் போட்டிங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார். நான், "அன்னைக்குத்தானே சென்னைல உனக்குப் பரீட்சை" என்று எடுத்துக் கொடுத்தேன்.

கௌரி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்குத் தெரிந்தது. நெற்றியைச் சுருக்கினாள். "ஆமாமா, ஏதோ ஒண்ணு இருந்துச்சு. ரயில்ல போறதுங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் இந்தப் படிக்குக் கீழதான் சண்ட போட்டோம். நீ இதே எடத்துல நின்னுட்டு இருந்த" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பதான் மிஸ் சண்ட போடாம இருந்தீங்க?" என்று சிரித்தாள். "எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

"அப்ப ஏந்தான் போன?" என்றார் மாதையன் சார்.

"எங்கக்கா ஓசூர்ல மாசமா இருந்துச்சுங்க சார். கூடமாட இருந்துட்டு வர்லாம்னு வூட்டோட கெளம்பிப் போனோம். அங்க ஒரு கம்பெனில ஆள் எடுத்துட்டு இருந்தாங்க. சேந்துட்டேன். அங்கதான் இவுரப் பாத்தது. அப்பறம் கல்யாணம், புள்ளைங்க. தொப்பூருக்கு வந்தது அதுக்கும் அப்பறம்."

"எங்களுக்கு பயந்துட்டுப் போலையா?"

"உங்களுக்கா? எதுக்குங்க சார்?"

அவர் கைப்பிடியை விரலால் துடைத்தார்.

"சொல்லிட்டுப் போன மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றாள் அவள். "சொல்லலீங்களா? யாருகிட்டயோ சொன்னேன்."

நான் விடவில்லை. எனக்குள் ஏதோ பிடி நழுவுகிற மாதிரி இருந்தது. "கௌரி, உனக்குக் கணக்கு எப்பிடி வரும்னு தெரியுமா? நாலு வரியில முடிப்பம்மா நீ. எனக்கே அப்பிடி வராது."

"அவ எந்திரிச்சு அடிச்சா கேரளாக்காரன் கைதட்டுவான்" என்றார் அவர் கீழேயிருந்து. எங்கள் இரண்டு பேர் குரலும் மன்றாடுகிற மாதிரி இருந்தது.

கௌரி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"ரெண்டும் வந்துச்சுங்க மிஸ். இல்லேன்னு சொல்லல. ரெண்டும் புடிக்கல. வர்றதெல்லாம் புடிச்சே ஆவணுங்களா?"

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தத் திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கண்ணாடி என்றைக்கோ போய்விட்டது. மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"இந்த எடம் புடிக்கும். மேல வந்தா நீங்க கணக்குப் போடச் சொல்லுவீங்க. கீழ போனா சாரு ஓடச் சொல்லுவாரு. இந்த நடுப்படில உக்காந்தா, மேல போறான்னு சாரு நெனச்சுக்குவாரு, கீழ போறான்னு நீங்க நெனச்சுக்குவீங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. நல்லா காத்து வரும்."

கணவர் கீழேயிருந்து பாத்திரம் எண்ணச் சொல்லிக் கூப்பிட்டார். "வரேங்க சார், வரேன் மிஸ். தொப்பூர்ப் பக்கம் வந்தா கடைக்கு வந்துட்டுப் போங்க" என்று சொல்லி, எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் சோகமாக இல்லை. எதையும் இழந்தவள் மாதிரி இல்லை. எங்கோ ஒரு மூலையில் வாடிக்கிடப்பாள் என்று நான் இத்தனை வருடம் கற்பனை செய்துவைத்திருந்த பெண் யார்? அவளை என்ன செய்வது? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

மைக்

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடைக்குப் போனேன். கைப்பையிலிருந்து தாளை எடுக்கவில்லை. எடுத்தால் அதில் அந்த அபூர்வமான பெண் இருப்பாள். முன்னால் நூறு முகங்கள். சரவணன் கைகட்டி நின்றான். மாதையன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டடம்..." என்று தொடங்கினேன். நிறுத்தினேன். கூரையைப் பார்த்தேன். கம்பி தெரிந்தது. அதன் மேல் ஒரு புறா.

"இந்தக் கட்டடத்துல நல்லா காத்து வரும்" என்றேன்.

அடுத்த வாக்கியம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நின்று பேசிப் பிழைத்தவள் நான். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மனம் உருகிப் பேச்சு வராமல் போய்விட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். நான் உருகவில்லை. குழம்பியிருந்தேன். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

அடுத்து மாதையன் சார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"மேடம் சொன்னது சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் நான் சொன்ன எதையும் சரி என்று சொன்னதில்லை.

டவுன் பஸ்

திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடிக்கு வந்தேன். அவர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதனால் பேசாமல் நிற்பது கஷ்டமாக இல்லை.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பாதி திரும்பி, கம்பியில் கையை வைத்தார்.

"நான் ஏரியூர் போனேங்க மேடம். அப்பவே. தேடிட்டு."

"நானும் போனேங்க சார்."

"வூடு பூட்டிக் கெடந்துச்சு."

"ஆமாங்க."

"ஒரு கருப்பு நாயி தொரத்துச்சு."

"என்னையும்" என்றேன். "செருப்பு ஒண்ணு அங்கயே போயிருச்சு."

அவர் சிரிப்பை அடக்கினார். அடக்க முடியாமல் இருமினார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப நாம எதுக்குங்க பேசாம இருந்தோம்?" என்று கேட்டார்.

கணக்கு வாத்தியார் நான். விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கொடுத்ததை எழுது, கேட்டதை எழுது, நடுவில் வழி கிடைக்கும். கொடுத்தது எதுவுமே இப்போது உறுதியாக இல்லை.

"தெரியலைங்க சார்" என்றேன்.

"எனக்கும் தெரியலீங்க" என்றார்.

ரயில்வே கேட் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அவர் வீடு அங்கேதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், உங்க ஸ்டாப் போவுதே."

"போவட்டுங்க."

தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். இறங்கி நின்றோம். பூக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் கணவன் மனைவி என்று நினைத்து அவரிடம் பூ நீட்டினார். அவர் பதறி இரண்டடி தள்ளி நின்றார். பிறகு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"உங்க வூடு எந்தப் பக்கங்க மேடம்?"

நான் வழி சொன்னேன். மாதா கோயில் தாண்டி, ரைஸ் மில் சந்து, பச்சை கேட். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம வந்தா இருப்பீங்களா?"

"காலைல பூசை. பத்து மணிக்கு மேல வாங்க."

வந்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். அந்த வாரம்தான் வளாகத்துக்கு இயந்திரங்கள் வந்திருந்தன. சரவணன் இரண்டு பேருக்கும் படம் அனுப்பியிருந்தான். மாடி போய்விட்டது, கீழ்ச் சுவர் மட்டும் நிற்கிறது. அந்தப் படத்தை நானும் எடுத்துக் காட்டவில்லை, அவரும் காட்டவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வாரம் நீங்க வாங்க மேடம். வூட்ல பாக்கணும்னு சொல்றாங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். எதற்குச் சரி என்றேன் என்று அவர் போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரீனா போன் செய்தாள். "யாரோ வந்துருந்தாங்கன்னியே, யாரும்மா?"

கூட வேலை பார்த்தவர் என்று சொல்லலாம். சண்டைக்காரர் என்று சொல்லலாம். ஒன்றும் பொருந்தவில்லை. நான் வாயைத் திறந்தேன், அதுவாக வந்தது.

"கீழ் வீட்டுக்காரர்டி."

"கீழ் வீடா? நம்மது தனி வீடாச்சேம்மா?"

"ஆமா" என்றேன்.